ஏறுவது எளிது, இறங்குவதே வித்தை
(வானொலி உரை)



நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் புளியமரத்துக் கிளை வெட்ட ஏறினார். விழுந்துவிடக் கூடாதே என்று கிணற்றுக் கயிற்றால் இடுப்பை மேல் கிளையோடு கட்டிக்கொண்டார். நல்ல யோசனைதான். நாலு வெட்டு வெட்டியதும் மறைவாக இருந்த கடந்தைக் கூடு கலைந்துவிட்டது. அண்ணாச்சி கால் நழுவிக் கயிற்றில் தொங்கினார். முடிச்சு அவரைக் காப்பாற்றியது. ஆனால் அவிழ மறுத்தது. ஆள் பாரம் முழுதும் அதன்மேல் இருக்கும்போது எப்படி அவிழும்? கீழே நின்றவர்கள் புகை மூட்டி, ஏணி கொண்டுவந்து இறக்குவதற்குள் முகமெல்லாம் வீங்கிப் போச்சு. உயிர் பிழைத்தது பெரிய காரியம்.

பிடிக்கிற கயிறு, வேண்டும்போது விடவும் வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றுகிறது, இல்லீங்களா? ஒற்றைக் கயிற்றில் மரம் ஏறுகிறவர்களுக்கு இந்த ஒரு காரியம் கைகூட ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். முரட்டுக் காளையை வெறும் கையால் பிடிக்க முடியாது. கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்தால் சிறு பையன்கூட நிறுத்திவிடுவான். காரணம் உராய்வு. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை ஆய்லர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். கயிற்றுக்கும் தறிக்கும் உள்ள உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு, நாம் ஒரு கிலோ பிடித்தால் மறுமுனையில் ஆறரை கிலோ நிற்கும். இரண்டு சுற்றுக்கு 43 கிலோ. மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 285 கிலோ! சுற்று கூடக் கூடப் பிடி கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. நம் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரும் இந்த உராய்வை நம்பியதுதான். ஆனால் அது மரத்தைப் பிடிக்கிறது. நாம் பேசப் போவது கயிற்றையே பிடிக்கும் கருவிகளைப் பற்றி.

1931-இல் ஆஸ்திரிய நாட்டு மலையேறி கார்ல் புருசிக் ஒரு முடிச்சை உலகுக்கு அறிமுகம் செய்தார். தொங்கும் பெரிய கயிற்றின்மேல் மெல்லிய கயிற்று வளையத்தை இரண்டு மூன்று முறை சுற்றி உள்ளே நுழைத்துக்கொள்வது. பாரம் ஏறினால் இறுகும். பாரத்தை எடுத்தால் கையால் மேலே தள்ளலாம். இப்படி இரண்டு வளையம் இருந்தால் ஒன்றில் நின்றுகொண்டு மற்றதைத் தள்ளி ஏறிவிடலாம். பள்ளத்தில் விழுந்த மலையேறிகள் தாங்களே மேலே வர இது வழி செய்தது. குறை என்ன? பாரத்தோடு இறுகிய முடிச்சு இலேசில் நெகிழாது. எங்கள் அண்ணாச்சி பட்ட பாடுதான்!

அடுத்தது இரும்பு யுகம் என்று சொல்லலாம். சுவிட்சர்லாந்தில் அடால்ஃப் யூசி என்பவர் கழுகுகளை ஆராய்ந்து வந்தார். அந்த வேலைக்குக் கயிற்றில் ஏற வேண்டியிருந்தது. அவருக்காக வால்டர் மார்ட்டி ஒரு கைப்பிடிக் கருவியைச் செய்தார். உள்ளே பல் வைத்த ஒரு நாக்கு. மேலே தள்ளினால் வழுக்கும், கீழே இழுத்தால் கயிற்றைக் கடிக்கும். 1958-இல் விற்பனைக்கு வந்தபோது இருவர் பெயரையும் சேர்த்து ‘ஜூமார்’ என்று வைத்தார்கள். ஏறுவது இப்போது எளிதாயிற்று. ஆனால் இது ஒருவழிப் பாதை. பல் கடித்திருக்கும்போது இறங்க முடியாது. இறங்குவதற்கென்று 1960-களில் பிரெஞ்சு நாட்டுக் குகை ஆய்வாளர்கள் வேறு கருவி செய்தார்கள். இரண்டு உருளைகளுக்கு இடையே கயிற்றை வளைத்து விடுவது. அது இறங்கும், ஏறாது. ஆக, ஏற ஒன்று, இறங்க ஒன்று. நடுவழியில் மாற்ற வேண்டுமானால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே மாட்டிக் கழற்ற வேண்டும்.

விஞ்ஞானிகளுக்கு இது போதுமானதாக இருந்தது. கோஸ்டாரிகா நாட்டு மழைக்காட்டில் டொனால்ட் பெரி என்பவர் வில்லால் நூலை எய்து, உயரக் கிளைமேல் கயிற்றைப் போட்டு ஏறும் முறையை 1978-இல் எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் மர உச்சிகளில் ஏறி ஆராய்ந்த நளினி நட்கர்னி, கிளைகளில் படிந்த பாசிக்குள் மரம் தானே வேர் விட்டு உணவெடுப்பதை 1981-இல் அறிவித்தார். நாம் பதியம் போடுகிறோமே, அதை மரம் தானாகவே போட்டுக்கொள்கிறது! நம் திருநெல்வேலி மாவட்டத்துக் காக்காச்சிக் காட்டிலும் உயர்ந்த மரங்களின் மகரந்தச் சேர்க்கையை சௌபத்ரா தேவி, பிரியா டேவிதார் ஆகியோர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் கிளை வெட்டுகிறவர் கதை வேறு. அவர் ஏறுவார், நாலடி இறங்குவார், கிளை நுனிக்கு நடப்பார், திரும்ப ஏறுவார். கையில் ரம்பம். கடந்தை வந்தாலோ கை அறுபட்டாலோ மறுநிமிஷம் இறங்கியாக வேண்டும். அதனால் மேல்நாட்டு மரத்தொழிலாளர்கள் நெடுங்காலம் இரட்டைக் கயிற்றையே நம்பினார்கள். கயிறு கிளைமேல் போய்த் திரும்பி அவர்களிடமே வரும். 70 கிலோ ஆள் என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 35 கிலோதான். பாதிப் பாரம் தாங்கும் முடிச்சைக் கையால் நெகிழ்த்தி இறங்கலாம். ஆனால் ஓரடி ஏற இரண்டடி கயிறு இழுக்க வேண்டும். உயர மரத்தில் தோள் கழன்றுவிடும்.

ஒற்றைக் கயிற்றிலோ கயிறு அசையாது. காலாலேயே மிதித்து ஏறலாம். ஆனால் 70 கிலோவும் ஒரே முடிச்சில். முடிச்சு இறுகிக்கொள்ளும், அல்லது நெகிழ்ந்தால் சர்ரென்று வழுக்கி நூல் கருகும். 2010 வாக்கில் அமெரிக்க மரத்தொழிலாளி கெவின் பிங்ஹாம் இதற்கு ஒரு வழி கண்டார். முடிச்சை எடுத்துவிடவில்லை, அதற்கு மேலே ஒரு சிறு உலோகக் கருவியை வைத்தார். பாரம் ஏறியதும் அது சாய்ந்து கயிற்றைச் சற்றே வளைக்கும். அந்த வளைவில் பாரத்தின் ஒரு பகுதி தங்கிவிடும். மீதியைத்தான் முடிச்சு தாங்கும். ஆகவே கையால் நெகிழ்த்த முடியும். ஏறும்போது கருவி நிமிர்ந்து தடையின்றி வழுக்கும். ‘ரோப் ரெஞ்ச்’ என்பது அதன் பெயர். ஏறவும் இறங்கவும் மாட்டிக் கழற்றும் வேலையில்லை. முடிச்சே வேண்டாமல் முழுதும் உலோகத்தாலான கருவிகளும் இன்று உண்டு.

கருவி வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, கயிற்றைக் கிளைமேல் போட்டு மறுமுனையை மரத்தின் அடியில் கட்டினால், 70 கிலோ ஆளுக்குக் கிளைமேல் ஏறத்தாழ 140 கிலோ வரை பாரம் விழும். என்னை ஒரு முறை தாங்கிய கிளைதானே என்று நம்பக் கூடாது. முருங்கை போன்ற முறிகிற மரங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு, சூடு. 70 கிலோ ஆள் 20 மீட்டர் இறங்கினால் அந்தச் சக்தி முழுதும் உராய்வில் சூடாக மாறுகிறது. 200 கிராம் அலுமினியக் கருவியில் அவ்வளவும் தங்கினால் வெப்பம் 75 டிகிரி அளவுக்கு உயரும். ஆகவே மெதுவாக இறங்க வேண்டும்.

மூன்று, ஒவ்வொரு கருவிக்கும் ஏற்ற கயிற்றுப் பருமன் உண்டு. நம் கிணற்றுக் கயிறும் வைக்கோல் கட்டும் நைலான் கயிறும் அதற்கு ஆகவே ஆகாது. பயிற்சி பெறாமல் யாரும் தொட வேண்டாம். பயிற்சியும் தரையிலிருந்து ஆளுயரத்தில் தொடங்கட்டும். கூட ஒருவர் இருக்கட்டும்.

தென்னை வைத்திருப்பவர்கள், கிளையில்லாத மரத்தில் கயிற்றை எங்கே போடுவது என்று கேட்பீர்கள். அதற்கு மரத்தையே கம்பி வளையத்தால் பற்றும் மிதிகருவி இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற திட்டத்தில் இளைஞர்களுக்கு இதில் பயிற்சி அளித்தது.

கடைசியாக ஒரு வார்த்தை. மரத்தில் ஏற ஆள் கூப்பிடும்போது கூலியை மட்டும் பேசாதீர்கள். “எப்படி இறங்குவே?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருந்தால் மட்டும் ஏறட்டும்.