ஓ.பி. என்றால் சும்மா இல்லை!

நம்மூரில் 'ஓ.பி. அடிக்கிறான்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். நியூயார்க்கில் அதே இரண்டெழுத்துக்கு மரியாதை ஜாஸ்தி. ஆஃப் பிராட்வே! அந்த 'ஓ'வையும் 'பி'யையும் ஒட்டித்தான் 'ஓபி' விருது என்று பெயர் வைத்தார்கள்.

பிராட்வே என்பது தெருவின் பெயர்தானே என்பீர்கள். ஆனால், நாடகக்காரர்களுக்கு அது நாற்காலிக் கணக்கு. ஐந்நூறு இருக்கைகளோ அதற்கு மேலோ இருந்தால் பிராட்வே. 100 முதல் 499 வரை ஆஃப் பிராட்வே. நூறுக்கும் கீழே போனால் ஆஃப் ஆஃப் பிராட்வே (சத்தியமாக அப்படித்தான் பெயர்!).

1947-ல் தொடங்கிய டோனி விருது, பெரிய அரங்குகளுக்கு மட்டும்தான். கிரீன்விச் வில்லேஜ் பகுதியின் சந்துகளில் உயிரைக் கொடுத்து நடித்தவர்களை யாரும் சீண்டவில்லை. 1955-ல் அதே பேட்டையில் 'வில்லேஜ் வாய்ஸ்' என்றொரு வாரப் பத்திரிகை பிறந்தது. அதன் நாடக விமரிசகர் ஜெர்ரி டால்மர், 'நாமே விருது கொடுத்தால் என்ன?' என்று கிளம்பினார். பிறந்து ஒரு வயது ஆகாத பத்திரிகைக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

1956-ல் முதல் விருதுகள். சிறந்த நடிகர் ஜேசன் ரோபர்ட்ஸ், சிறந்த இயக்குநர் ஹோசே கின்டரோ. இரண்டுமே 'தி ஐஸ்மேன் கம்மத்' நாடகத்துக்காக. இங்கேதான் ஒரு கதை இருக்கிறது.

நாடகத்தை எழுதியவர் யூஜின் ஓநீல். 1936-ல் நோபல் பரிசு வாங்கியவர். பிறந்ததே பிராட்வேயில் இருந்த ஒரு ஹோட்டல் அறையில்! அந்த பிராட்வேதான் பிற்பாடு அவரைக் கைகழுவியது. 1946-ல் 'ஐஸ்மேன்' அங்கே மேடையேறி, 136 காட்சிகளோடு மூட்டை கட்டியது. 1953-ல், பாஸ்டனில், மறுபடியும் ஒரு ஹோட்டல் அறையில் ஓநீல் இறந்தபோது, 'அவர் காலம் முடிந்து ரொம்ப நாளாச்சே' என்பதுதான் பலருடைய நினைப்பு.

பனாமாவிலிருந்து வந்த கின்டரோ அப்படி நினைக்கவில்லை. முன்பு இரவு விடுதியாக இருந்த இடத்தை அவருடைய குழு 'சர்க்கிள் இன் தி ஸ்கொயர்' என்ற அரங்காக மாற்றி வைத்திருந்தது. 'ஐஸ்மேன்' நடப்பதோ ஒரு மதுக்கடையில். குடிகாரர்கள் 'நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும்' என்று கனவில் மிதக்கிற கதை. இடம் பொருத்தமாக அமைந்துவிட்டது! பார்வையாளர்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பது போன்ற நெருக்கம். நான்கு மணி நேரத்துக்கும் மேலான நாடகம் 565 காட்சிகள் ஓடியது.

விளைவு? 'எனக்குப் பிறகு 25 வருடம் கழித்தே வெளியிட வேண்டும்' என்று ஓநீல் சொல்லி வைத்திருந்த 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தை, அவருடைய மனைவி கார்லோட்டா முன்கூட்டியே வெளியே எடுத்திருந்தார். அதன் நியூயார்க் அரங்கேற்றத்தை கின்டரோவின் கையில் கொடுத்தார். 1956 நவம்பரில் அது மேடையேறியது, பிராட்வேயிலேயே! அடுத்த வருடம் புலிட்சர், டோனி இரண்டும் வந்தன.

ஓபியில் இன்னொரு விசேஷம். 'இறுதிப் பட்டியலில் ஐந்து பேர்' என்று நெஞ்சைப் படபடக்க வைக்கும் சமாசாரமெல்லாம் கிடையாது. பிரிவுகளும் நிலையானவை அல்ல. ஒரே வருடத்தில் பல நடிகர்களுக்குக் கொடுக்கலாம். 1968-ல் அப்படித்தான், 'தி இந்தியன் வான்ட்ஸ் தி பிராங்க்ஸ்' என்ற நாடகத்துக்காக இரண்டு பேர் வாங்கினார்கள். மகனைத் தேடி நியூயார்க் வந்து, பாஷை தெரியாமல் ரவுடிகளிடம் மாட்டிக்கொள்ளும் இந்தியராக ஜான் கசால். ரவுடிகளில் ஒருவராக, அன்று சினிமா ரசிகர்களுக்குத் தெரியாத ஓர் இளைஞர். பெயர் அல் பசினோ. நான்கு வருடம் கழித்து 'காட்ஃபாதர்' படத்தில் இருவரும் அண்ணன் தம்பி!

விருதை ஆரம்பித்த 'வில்லேஜ் வாய்ஸ்' 2017-ல் அச்சை நிறுத்தி, மறு வருடம் மூடப்பட்டு, 2021-ல் மறுபடி கண்விழித்தது. விருது மட்டும் அதற்கு முன்பே கைமாறத் தொடங்கியிருந்தது. 2014-ல் 'அமெரிக்கன் தியேட்டர் விங்' என்ற அமைப்பு கூட்டாக வந்து சேர்ந்து, பிறகு முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. டோனி விருதை 1947-ல் தொடங்கியதும் இதே அமைப்புதான்!