விரியன் நஞ்சின் நிறை

மட்டக்களப்பிலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குச் செல்லும் வீதியில் வந்தாறுமூலை என்னும் ஊர் உள்ளது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடத்துக்கு நிலைக்களம் இவ்வூரே. சுற்றுப்புறமெங்கும் வயல்கள். நெல் விளையுமிடத்தில் எலி பெருகும். எலியைத் தேடி விரியன் வரும். கண்ணாடி விரியனை ஈழத்தவர் புடையன் என்றும் வழங்குவர். அறுவடைக்கு இறங்கும் உழவனுக்கு அதனிலும் கொடிய பகை இல்லை எனலாம்.

புடையன் தீண்டியவருக்கு ஏற்றப்படும் நச்சுமுறி மருந்து நெடுங்காலமாக இந்தியாவிலிருந்து வந்தது. அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியிலே பெறப்பட்டது. பாம்புத்தோல் வாணிகம் தடுக்கப்பட்டபின், அத்தொழிலால் வாழ்ந்த இருளர் 1978இல் அங்கே கூட்டுறவுச் சங்கம் கண்டு, பாம்பைக் கொல்லாது நஞ்சை மாத்திரம் கறந்தனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்து மருந்து ஆக்குவர். அங்ஙனமாயின், தமிழகத்து விரியனுக்கு ஆக்கிய மருந்து கடலுக்கு இப்பாலுள்ள விரியனின் நஞ்சை முற்றாக முறிக்குமா? இலங்கையில் கடியுண்டோரிடம் குருதிக் கேட்டுடன் கண்ணிமை சோர்தல் முதலிய நரம்புக் குறிகளும் அடிக்கடி தோன்றியமையால் இவ்வினா எழுந்தது. விடை காண்பதற்கு, நஞ்சிலுள்ள புரதங்களை ஒவ்வொன்றாக இனங்காணல் வேண்டும்.

அதற்கு உதவிய கருவியோ பாம்பை எண்ணிப் பிறந்ததன்று. மின்னேற்றம் பெற்ற துணிக்கை காந்தப்புலத்தில் வளைந்து செல்லும். பாரம் மிகுந்தது குறைவாக வளையும். இவ்வுண்மையைக் கொண்டு, கேம்பிரிட்ஜில் தொம்சன் 1913 அளவில் நியோன் வாயுவில் 20, 22 என இரு திணிவுகளைக் கண்டார். அவருடைய உதவியாளர் அஸ்டன் 1919இல் திணிவு நிறமாலைக் கருவியைச் செப்பமாக அமைத்து, 1922இல் நோபல் பரிசு பெற்றார்.

வாயு பறக்கும், புரதம் பறக்குமா? சூடான தாச்சியில் ஊற்றிய முட்டை வெண்கரு ஆவியாவதில்லை, கட்டியாகிக் கருகும். ஆதலால் பல பத்தாண்டுகள் இக்கருவி புரதத்தை நெருங்க இயலவில்லை.

தடை நீங்கியதில் ஒரு கைப்பிழைக்கும் பங்குண்டு. யப்பானில் கியோத்தோ நகரத்து ஷிமாட்சு நிறுவனத்தில் கொய்ச்சி தனாக்கா என்னும் இளம் பொறியியலாளர் 1985இல் கோபாற்றுப் பொடியுடன் அசற்றோனுக்குப் பதிலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். விலைகூடிய பொடியை வீசியெறிய மனமின்றி, அதையே லேசர் ஒளியிற் சோதித்தார். பெரிய மூலக்கூறு சிதையாமல் எழுந்தது! ஐதரசன் அணுவைப் போல் ஏறத்தாழ 34,000 மடங்கு திணிவுள்ள புரதத்தையும் பின்னர் அவர் குழுவினர் அளந்தனர். அமெரிக்காவில் ஜோன் பென், எழுபது வயதை எட்டிய நிலையில், புரதக் கரைசலை மின்னேற்றிய நுண்துளிகளாகத் தெளித்து, துளி உலர உலரப் புரதத்தைப் பறக்கவிட்டார். 1988இல் இரு முறைகளும் உலகறிந்தன. 2002இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். ஆய்வுகூடங்களிற் பெரிதும் பரவிய லேசர் முறையை வகுத்த ஜெர்மானியர் ஹில்லன்காம்ப், கராஸ் இருவரும் அப்பரிசில் இடம்பெறாமை ஒரு குறையே.

இனி நஞ்சுக்கு வருவோம். புரதத்தை நொதியத்தால் துண்டாக்கி, துண்டுகளின் திணிவை அளந்து, அறிந்த புரதங்களின் பட்டியலோடு ஒப்பிட்டால் அதன் இனம் தெரியும். இவ்வகையில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் இலங்கைக் கண்ணாடி விரியனின் நஞ்சை வகுத்தபோது, மூன்றில் ஒரு பங்களவு பொஸ்போலிப்பேஸ் என்னும் நொதியக் குடும்பமாக இருந்தது. 2017இல், ஏறத்தாழ 13,600 திணிவுடைய அக்குடும்பப் புரதம் ஒன்றே நரம்புக் குறிகளுக்கு முதற்காரணம் என்று வெளியாயிற்று. அது நரம்பின் நுனியையே தாக்குவது. கேடு விளைந்தபின் மருந்து அதனை மீட்பதரிது. கடியுண்டவரைக் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுமோ?

இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்குக்கே உரியது. இலங்கையிற் பலரைத் தீண்டும், மூக்கு மேல்வளைந்த சிறு விரியன் அதில் அடங்காது. இலங்கைப் பாம்புகளின் நஞ்சையே கொண்டு, அச்சிறு விரியனையும் சேர்த்து, கொஸ்தாரிக்கா ஆய்வாளர் பேராதனைப் பல்கலைக்கழகத்தாருடன் கூடி ஆக்கிய புதிய மருந்தின் ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் 2016இல் வெளிவந்தன.