கோடை உழவுக்கு முன் வயலைச் சுற்றிப் பாருங்கள்: பறவைகள், விலங்குகளைக் கவனிக்கும் முறை

பங்குனி, சித்திரை மாதங்களில் அறுவடை முடிந்து நிலம் காலியாகக் கிடக்கும். பல பறவைகள் கூடு கட்டுவதும் இப்போதுதான். கோடை மழை பெய்ததும் உழவு தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முன் ஒருமுறை வயலைச் சுற்றி வந்தால் நமக்கு உதவும் உயிரினங்கள் எவை, அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம்.

எப்போது பார்ப்பது?

பொழுது விடிந்து இரண்டு மணி நேரமும், மாலையில் வெயில் தணிந்த பிறகும் ஏற்றவை. வரப்பில் மெதுவாக நடந்து, ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நாயைக் கூட்டிச் செல்ல வேண்டாம்.

தரையில் கூடு

ஆட்காட்டிக் குருவி வெட்டவெளியில், சிறு கற்களுக்கு நடுவே பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டை மண் நிறத்தில் இருப்பதால் எளிதில் தெரியாது. குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் கூடோ குஞ்சோ அருகில் உள்ளது என்று பொருள். அந்த இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளிக் குச்சி நட்டு, அந்தப் பகுதியை மட்டும் உழாமல் விடுங்கள். சுமார் நான்கு வாரத்தில் முட்டை பொரியும். குஞ்சுகள் விரைவிலேயே தாயுடன் நடந்து போய்விடும். கௌதாரி வரப்போரப் புதரில் முட்டையிடும். எனவே வரப்புக்குத் தீ வைக்க வேண்டாம்.

மரமும் கரையும்

பனங்காடை மொட்டைப் பனையின் பொந்திலும், பச்சைப் பஞ்சுருட்டான் வாய்க்கால் கரையில் துளையிட்டும் கூடு வைக்கும். பட்டுப்போன பனையை வெட்டும் முன் பொந்தைக் கவனியுங்கள். டிராக்டர் பின்னால் வரும் கரிச்சான், மைனா, உண்ணிக்கொக்கு ஆகியவை மண்ணிலிருந்து வெளிப்படும் புழுக்களைத் தின்கின்றன.

எலிக்கு எதிரிகள்

பாழடைந்த கட்டடத்தில் கூகை இருந்தால், அதன் கீழே முடியும் எலும்பும் கலந்த உருண்டைகள் கிடக்கும். அவை அது தின்ற எலிகளின் மிச்சம். கீரியைப் பகலிலேயே பார்க்கலாம். நரியின் தடத்தை அதிகாலையில் ஈர மண்ணில் காணலாம். முயல் அந்தி நேரத்தில் மேய வரும். எலிக்கு விஷம் வைத்தால், விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் கீரியும் சாகக்கூடும். ஆகவே செத்த எலிகளை உடனே எடுத்துப் புதைத்துவிட வேண்டும். எலியைக் கிட்டி வைத்துப் பிடிப்பது இன்னும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

கூட்டைத் தொடவோ, அருகில் நின்று படம் எடுக்கவோ கூடாது. நாம் விலகாவிட்டால் தாய்ப்பறவை அடைக்கு வராது, முட்டை வெயிலில் கெட்டுவிடும். மயில், கீரி, நரி முதலியவற்றை வேட்டையாடுவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். மயிலால் பயிர்ச் சேதம் இருந்தால் வனத்துறையிடம் மனு கொடுக்கலாம்.

பார்த்த பறவை, இடம், தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு உழவுக்கு முன் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.