சட்டைப்பைக் கமராவும் நெடுந்தீவும்

யாழ்ப்பாணத்துத் தீவுக்கூட்டத்திலே விஸ்தீரணத்தாற் பெரியவற்றுள் ஒன்றானதும், தரைவழித் தொடர்பு இன்றளவும் இல்லாததுமாகிய நெடுந்தீவுக்குப் போகிறவர், புங்குடுதீவின் மேற்கோரத்தில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறி, சோளகக் காற்று வீசுகிற மாதங்களானால் உவர்நீர்த் திவலைகளில் நன்றாக நனைந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின் மாவலித்துறையில் இறங்கவேண்டும். அரிசி, மா, சீமெந்து முதலிய சகல வஸ்துக்களும் அவ்வழியேதான் அங்கே செல்கின்றன. கமராவும் அவ்வழியேதான் சென்றது. ஆதலால் அத்தீவை யார் படமெடுத்தார்கள், யார் அப்படங்களை விற்றுச் சம்பாதித்தார்கள் என்று ஆராயப் புகுகிறவன், அந்தந்தக் காலத்துக் கமரா எவ்வளவு பாரமாயிருந்தது என்பதையும் கூடவே ஆராயவேண்டியவனாகிறான்.

படத்தை முன்கூட்டியே எடுத்துச் சேமித்து வைத்து, பின்னர் விரும்பிக் கேட்பவர்க்கெல்லாம் விற்கிற வியாபாரத்தை இக்காலத்தார் 'ஸ்டொக்' என்று வழங்கினாலும், வியாபாரம் என்னவோ மிகப் பழையது. பாரிஸ் நகரத்து தாகேர் தம்முடைய முறையை 1839ஆம் ஆண்டிலே உலகறியச் செய்தார்; பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1852இல், பிரெடரிக் ஃபீபிக் என்பவர் இலங்கைக்கு வந்து கொழும்பு, காலி, கண்டி முதலிய இடங்களைப் படமெடுத்து, கையால் வர்ணந் தீட்டினார்; அவற்றைக் கிழக்கிந்தியக் கம்பனியார் பின்னர் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். 1860களில் ஸ்கீன் கம்பனியார் கொழும்பிலும், அடுத்த தசாப்தத்தில் ஸ்கோவன் கம்பனியார் கண்டியிலும் நிலைபெற்றார்கள். கப்பலில் வந்திறங்கும் பிரயாணிக்கும், ஊருக்குத் திரும்புகிற தோட்டத்துரைக்கும் ஆல்பம் ஆல்பமாக அவர்கள் விற்றவை, கண்டி ஏரியும், தலதா மாளிகையும், கோப்பி, தேயிலைத் தோட்டங்களும், பேராதனைப் பூங்காவின் மூங்கிற் புதர்களுமே. 1890இல் ஆரம்பமான பிளாட்டே கம்பனி அதே காட்சிகளைத் தபாலட்டைகளாக்கி இன்னும் மலிவாகப் பரப்பியது. வாங்குபவன் எங்கே கப்பலிறங்குகிறானோ அங்கேயே விற்பனைக்குரிய அழகும் இருப்பதாக அவ்வியாபாரம் நிர்ணயித்துவிட்டது. அந்நிர்ணயத்திலே பவளக்கல்லும் பனையும் நிறைந்த வடதிசைத் தீவுகளுக்கு இடம் அற்பமாயிற்று.

அதற்குக் காரணம் ரசனை மாத்திரமன்று, இரசாயனமுமாகும். 1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையிலே, கண்ணாடித் தகட்டின்மேற் பூசிய பூச்சு உலர்வதற்குள் படம் எடுத்து, உலர்வதற்குள்ளேயே அதைத் தெளிவாக்கியும் ஆகவேண்டும். ஆகவே படமெடுப்பவன் எங்கே போனாலும் ஓர் இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டி, வெள்ளி நைட்ரேற்றுத் தொட்டி, கழுவுவதற்கு நல்ல தண்ணீர், இவ்வளவையும் சுமக்கக் கூலியாட்கள் ஆகிய பரிவாரத்தோடேயே போகவேண்டியிருந்தது. 1870ஐ அடுத்து ஜோசப் லோட்டன் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் இம்முறையிலே படமெடுத்தாரென்றால், அது அரசாங்கத்தின் தொல்பொருட் குழு பின்னால் நின்றதனால். நல்ல தண்ணீர்க் கிணறு அருமையாயிருக்கிற ஒரு தீவுக்கு, பாய் விரித்த தோணியிலே அந்தக் கண்ணாடிச் சுமையைக் கொண்டுபோய்க் கரைசேர்க்கத் துணிகிறவனுக்கு, படம் விற்றுச் செலவை மீட்கலாமென்ற நம்பிக்கை எங்கிருந்து வரும்?

இச்சுமையை இறக்கிவைத்தவர் ஜோர்ஜ் ஈஸ்ற்மன். 1888இல் அவர் விற்பனைக்கு விட்ட கொடாக் பெட்டி, நூறு படங்களுக்குரிய சுருளை உள்ளே கொண்டது. 25 டொலர் கொடுத்து வாங்கியவன் நூறும் எடுத்து முடித்ததும் பெட்டியோடு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். 1900இல் ஒரு டொலருக்கு பிரௌனி வந்தது. 1912இல் வெஸ்ற் பொக்கற் கொடாக் வந்தபோதுதான், கமரா மெய்யாகவே மனிதனுடைய சட்டைப்பைக்குள் புகுந்தது; முதலாம் உலக மகாயுத்தத்தில் எத்தனையோ சிப்பாய்கள் அதைப் பதுங்குகுழி வரையிற் கொண்டுபோனார்கள். ஆனால் கருவி சிறுக்கச் சிறுக்க நெகற்றிவ்வும் சிறுத்தது. பெரிய தகட்டிலே பழகிய தொழிலாளிகள், விரலளவு நெகற்றிவ்விலிருந்து பத்திரிகைக்குத் தகுந்த படம் பிறக்குமாவென்று சந்தேகித்தார்கள். 1925இல் லைப்ஸிக் சந்தையிலே ஒஸ்கார் பார்நாக்கின் லெய்க்கா வெளிவந்தபோது, 24க்கு 36 மில்லிமீற்றர் அளவுள்ள அதன் சட்டத்தைப் பார்த்தும் அதே சந்தேகம் கேட்கப்பட்டது. இன்றைக்கு ஒருவன் சட்டைப்பைக் கமராவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியும் அட்சரம் பிசகாமல் அதுதான்.

லெய்க்காவுக்கு விடை கிடைத்த விதங்களுள் ஒன்று இவ்வியாபாரத்தின் சரித்திரத்துக்கே உரியது. பேர்லினில் நூலகப் பணியிலிருந்த ஓற்றோ பெற்மன், பழைய சித்திரங்களையும் ஏட்டுப் படங்களையும் லெய்க்காவினாற் பிரதி செய்து சேர்த்தவர். யூதராகையால் நாஸிகளின் ஆட்சியிலே உத்தியோகம் இழந்து, 1935இல் இரண்டு பெரிய பெட்டிகள் நிறையப் படங்களோடு நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். அந்தச் சேகரத்தைக் கொண்டு மறு ஆண்டு அவர் தொடங்கிய பெற்மன் ஆவணகம், பத்திரிகைகளுக்கும் பாடநூல்களுக்கும் படம் கொடுத்து உலகப் பிரசித்தி அடைந்தது. கண்ணாடித் தகடுகளாயிருந்திருந்தால் அத்தனை படங்களை அகதியொருவர் கடல் கடத்தியிருக்க முடியாது. நம்முடைய நாட்டிலே லயனல் வென்ட், லெய்க்காவையும் ரொலிஃப்ளெக்ஸையும் கையாண்டு, தபாலட்டைக் காட்சிகளுக்கு முற்றும் வேறான ஓர் இலங்கையைக் காட்டினார். 1944இல் அவர் காலமான பின், 1950இல் அவருடைய படங்கள் நூலாயின.

யாழ்ப்பாணத்துச் சனங்களுக்கோ கமரா வேறொரு பாதையால் வந்தது. அவர்கள் அறிந்தது ஸ்ரூடியோ: திரைச்சீலையிலே தீட்டிய பூங்காவின் முன் கைப்பிடி நாற்காலியில் அமர்ந்த தகப்பனார், பக்கத்தில் நின்ற தாயார், கலியாண மாலையோடு மணமக்கள், சாமத்தியச் சடங்குக்கு அலங்கரிக்கப்பட்ட பிள்ளை. மரண வீட்டிலே பிரேதத்தைச் சூழ உறவினர் நின்று எடுத்துக்கொள்ளும் படம் அநேக குடும்பங்களிற் கட்டாயமான சடங்காகவே ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வர முடியாத பிள்ளைக்கு அனுப்புவதற்கு அதுதான் கதி. 1972 முதல் தேசிய அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியபின், வயது வந்த ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது கமராவின் முன் இருக்கவேண்டியவரானார். இவையெல்லாம் வீட்டுக்கு உரிய படங்கள். விலைக்கு உரியவை அல்ல. பின்பு யுத்தம் வந்தது. 1985 மே மாதம் 15ஆம் திகதி குமுதினிப் படகிலே நெடுந்தீவுச் சனங்கள் கடல் நடுவிற் கொல்லப்பட்டார்கள். 1990இல் தொடங்கிய இடப்பெயர்வுகளிலும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்த பெரும் இடப்பெயர்விலும், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் விட்டுச்சென்றவற்றில் ஆல்பங்களும் அடங்கும். தீவாருடைய கண்ணால் தீவைப் பார்த்த படங்கள் இவ்வளவு அருமையாயிருப்பதற்கு இந்த இழப்பும் காரணமென்பதை நாம் மறக்கலாகாது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2000ஆம் ஆண்டிலே கனடாவின் கல்கரி நகரில் ஐஸ்டொக்ஃபோட்டோவும், 2003இல் நியூயோர்க்கில் ஷட்டர்ஸ்டொக்கும் என இணையவழிப் பட விற்பனை ஸ்தாபனங்கள் தோன்றியபின், படம் விற்பதற்குக் கொழும்பிலே கடை வைத்திருக்க வேண்டியதில்லை. இணையத் தொடர்புள்ள எந்தக் கிராமத்தானும் விற்பனைக்குப் படம் அனுப்பலாம். ஆயினும் அந்த ஸ்தாபனங்களின் பரிசோதகர்கள் வாசலிலே நிற்கிறார்கள். இங்கிலாந்தின் ஆலமி ஸ்தாபனம் ஆரம்ப காலத்திலே, விரித்த நிலையில் 48 மெகாபைட் கொண்ட கோப்பைக் கேட்டது. ஏறக்குறைய 17 மெகாபிக்ஸலுக்குச் சமமான அவ்வளவை அக்காலத்துச் சிறு கமரா எதுவும் நேரே கொடுக்காது. பின்பு அவ்வெல்லை பலமுறை தளர்ந்தது. ஷட்டர்ஸ்டொக் 4 மெகாபிக்ஸலோடு திருப்தியடைகிறது. ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிடுவதற்கு 8.7 மெகாபிக்ஸல் போதும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தால், இன்று விற்கப்படும் எந்தச் சிறு கமராவிலும் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது தெளிவாகும்.

கவலைப்பட வேண்டியது, படத்தை ஏந்துகிற உணரியின் பரப்பைப் பற்றி. சாதாரணச் சிறு கமராக்களில் உள்ள உணரி 6.2க்கு 4.6 மில்லிமீற்றர், 2012இல் சோனி கம்பனி வெளியிட்ட ஆர்எக்ஸ்100 என்ற சட்டைப்பைக் கமராவில் அது 13.2க்கு 8.8, அதாவது நான்கு மடங்கு பரப்பு. 2013இல் வந்த ரிக்கோ ஜீஆரில் அது ஏறக்குறைய 23.5க்கு 15.6. இது ஏட்டுக்கணக்கு அல்லவென்று அறிய விரும்புகிறவர், நெடுந்தீவிலே உச்சிப் பொழுதில் ஒரு வளவின் வேலியைப் பார்க்கட்டும். சாந்து பூசாமல் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய பவளப்பாறைக் கற்கள். மேற்கல் வெயிலிற் கண்கூசும் வெண்மை. அடுத்த கல்லின் இடுக்கிலே கருநிழல். வேலிக்கப்பால் வடலியின் ஓலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் மினுங்கும். சிறிய உணரி இக்காட்சியிலே வெண்மையைச் சுண்ணாம்புப் பூச்சாக்கிவிடும், நிழலைத் தூக்கினால் மணல் தூவியதுபோற் புள்ளிகளை எழுப்பும், ஓலைகளை ஒன்றாகக் குழைத்துவிடும். பரிசோதகர் அப்படத்தைத் திருப்பி அனுப்பினால் அவரிற் குற்றமில்லை. பெரிய உணரியிலே எடுத்து, கமரா தானாகப் பதப்படுத்தாத மூலக்கோப்பாகச் சேமித்தால், கல்லின் துவாரங்களும் இடுக்கின் நிறமும் இரண்டும் தப்பும்.

அடுத்தது உப்பு. படகிலே தெறிக்கும் துளியைவிட, தீவிலே ஓயாமல் வீசும் காற்றிற் கலந்துவரும் நுண்ணிய உவர்த்தூள் மோசமானது. பொத்தானை அழுத்தியதும் நீண்டு, மூடியதும் உள்ளே மடங்குகிற வில்லைக் குழாய், ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நீர் புகாதபடி அடைக்கப்பட்ட சிறு கமராக்கள் உண்டுதான். ஆனால் அவற்றில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன உணரியே. ஆகையால் என் அபிப்பிராயம், ஆர்எக்ஸ்100இல் உள்ளது போன்ற ஓர் அங்குல வகை உணரிக்குக் குறையாததை வாங்கி, படகில் ஏறுமுன் இறுகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் வைத்து, இரவிலே மெல்லிய ஈரத்துணியால் உடலையும், பின் உலர்துணியால் வில்லையையும் துடைத்துப் பேணுவதே உத்தமம் என்பதாகும். கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் ஒன்று கமராவிலே அவசியம் இருக்கட்டும். அந்த வெயிலிற் பின்பக்கத் திரையிலே ஒன்றும் தெரியாது. கைத்தொலைபேசியையும் இகழ வேண்டாம்: நல்ல வெளிச்சத்தில் எடுத்த அதன் படங்களை இப்போது ஸ்தாபனங்கள் ஏற்கின்றன. எனினும் தூரத்தில் மேயும் மட்டக்குதிரைகளைச் செயற்கையாகப் பெருப்பித்து எடுத்தால், குதிரையின் பிடரிமயிர் நீர்வர்ணச் சித்திரம்போற் கரைந்துபோகும்.

குதிரைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஐரோப்பியர் ஆட்சியிலே வளர்க்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நோலன் என்னும் அதிகாரியின் பராமரிப்பிலிருந்து, பின்பு காட்டு நிலைக்குப் போன அக்குதிரைகளையும், பெருக்க மரத்தையும், இடிந்த கோட்டையையும் படமெடுத்து விற்பவர்கள் ஏற்கெனவே பலர். பனையோலையிற் கடகம் இழைக்கும் கை, சாராப்பிட்டிக் கிணற்றடியிலே தண்ணீருக்குக் காத்திருக்கும் மாடு, மாவலித்துறையிலே சீமெந்துப் பை இறக்கும் தோள், ஒடியலுக்குப் பனங்கிழங்கு பிளந்து காயவைத்த முற்றம் ஆகியவற்றை எந்த மாதத்தில், எந்த நாழிகையில் எடுக்கலாமென்று அறிந்தவர் அத்தீவிலே வாழ்கிறவர்தாம். மனிதருடைய முகம் விளம்பரத்துக்குப் போவதானால் அவருடைய சம்மதத்தை எழுத்திலே பெறவேண்டும். செய்திக்கும் பாடநூலுக்கும் போவதற்கு அப்பத்திரத்தை ஸ்தாபனங்கள் வற்புறுத்துவதில்லை. ஆயினும் வாயாலாவது கேட்டுக்கொள்வதே மரியாதை.

எனவே கமரா வாங்க நினைக்கும் தீவுப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது: புதிதாக வந்த மாதிரிக்குக் கடன்பட வேண்டாம், ஒருவர் பாவித்துக் கைமாறிய, பெரிய உணரியுள்ள சிறு கமரா ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். எடுத்த படத்தின் குறிப்பிலே தீவின் பெயரோடு நில்லாமல் வட்டாரம், கிணறு, துறை, செய்கிற தொழில், மாதம் ஆகிய எல்லாவற்றையும் எழுதுங்கள். வாங்குகிறவன் தேடிக் கண்டுபிடிப்பது அக்குறிப்பைக் கொண்டுதான். விற்பனைக்கு அனுப்பும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமத்திற் காத்துவருகிற நூலக நிறுவனத்தாருக்கும் கொடுத்து வையுங்கள்.