மாறும் உலகும் நமது பாடசாலைகளும்: சித்தி லெப்பை முதல் இன்று வரை

சென்ற வருடம் பத்தாந்தர வகுப்பில் ஒரு மாணவன் எழும்பி நின்று கேட்டான்: “சேர், எங்கட வாப்பா கடையில இப்ப எல்லாம் கம்பியூட்டர் பில்தான். இங்க படிக்கிறத வச்சி நாங்க நாளைக்கு என்ன செய்ற?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை நமது சமூகம் 140 வருடங்களுக்கு முன்பே கேட்டுவிட்டது என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியை எண்ணிப் பாருங்கள். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கிற்று. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. அதே காலத்தில் கோப்பிச் செடியை நோய் பிடித்தது. சில வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. 1885இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி கட்டி முடிந்தது. வியாபாரத்தை நம்பியிருந்த ஒரு சமூகத்துக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. கடிதம், கணக்கு, நீதிமன்றம், சுங்கம் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. நமது பிள்ளைகளோ ஓதப்பள்ளியோடு நின்றார்கள். ஆங்கிலம் படிப்பித்த பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளையின் ஈமான் என்னாகும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று நாம் தள்ளிவிட முடியாது.

கண்டியில் சட்டத்தரணியாக இருந்த மு.கா. சித்தி லெப்பை (1838-1898) அந்தப் பயத்தை மதித்தார். ஆனால் அதற்குள் அடங்கி இருக்கவில்லை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருடம் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷாவின் உற்சாகமும் சேர்ந்தது. 1884இல் கொழும்பில் அவர் தொடங்கிய மத்ரஸா நிலைக்கவில்லை. மனம் தளராமல் வாப்பிச்சி மரைக்கார் போன்றோருடன் சேர்ந்து 1892இல் மருதானையில் மீண்டும் ஒரு பாடசாலை எழும்பியது. அதுதான் பின்னர் ஸாஹிறாக் கல்லூரி ஆயிற்று. கண்டியில் பெண்பிள்ளைகளின் படிப்புக்கும் அவர் வழி செய்தார். மார்க்கத்தை விடாமல் காலத்தின் அறிவைப் பெறுவது எப்படி என்பதற்கு அவர் கொடுத்த விடை, சொந்தப் பாடசாலை.

1921இல் அதிபரான டி.பி. ஜாயா அந்த விடையைப் பெரிதாக்கினார். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது வாசல் எல்லோருக்கும் திறந்தது. ஆனால் பல்கலைக்கழகம் வரை போகும் செலவு ஏழைப் பிள்ளைக்கு எட்டாததாகவே இருந்தது. அதே 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்க முன்னின்றார். 1948இல் சிவில் சேவைப் பதவியையே விட்டு ஸாஹிறாவின் அதிபரானார். அவர் தேடியது கட்டடத்தை அல்ல, படிக்கக்கூடிய பிள்ளையை.

இனி ஒரு கசப்பான அத்தியாயம். 1971 இளைஞர் கிளர்ச்சி, படித்தும் வேலையில்லாத நிலையை நாட்டுக்குக் காட்டிற்று. அப்போது கல்வி அமைச்சர் நம்மவரான பதியுதீன் மஹ்மூத். 1972இல் வந்த சீர்திருத்தம் எல்லாப் பிள்ளைக்கும் கணிதமும் ஒருங்கிணைந்த விஞ்ஞானமும் கட்டாயம் என்றது. ஊரின் தொழில்களைச் சார்ந்த தொழில்முன்னிலைப் பாடங்களையும் புகுத்தியது. முதற்பாதி பெரிய நன்மை. பின்தங்கிய ஊர்ப் பாடசாலைக்கும் விஞ்ஞானம் என்ற பாடம் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். மீன்பிடி ஊரில் மீன்பிடி, நெசவு ஊரில் நெசவு என்றால், “எங்கட புள்ளயும் இதே தொழிலுக்குத்தானா?” என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் பழைய க.பொ.த. சாதாரண தரமே திரும்பி வந்தது.

இந்த வரலாற்றில் எனக்குத் தெரிவது இதுதான். நாளைய தொழில் எது என்று ஊகித்து அதற்குப் பிள்ளையைச் செதுக்க முயன்ற திட்டம் தோற்றது. வாசிக்கவும் கணக்கிடவும் இன்னொரு மொழியில் பேசவும் கேள்வி கேட்கவும் பழக்கிய பாடசாலையே பிள்ளையை மாற்றத்துக்குத் தயாராக்கியது. கோப்பி போய்த் தேயிலை வந்ததும் அவன் நின்றான். கடிதம் போய்க் கணினி வந்தாலும் நிற்பான்.

இன்று நாம் அதைச் செய்கிறோமா? ஓர் ஆசிரியனாக உண்மையைச் சொல்கிறேன்: போதுமான அளவு இல்லை. ஐந்தாம் தரத்திலேயே புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம், உயர்தரம். இடையில் ரியூஷன். பிள்ளை விடையை மனனமிடுகிறான், கேள்வியை மறந்துவிடுகிறான். நானும் பரீட்சை நெருங்கினால் சென்ற வருட வினாத்தாளைத்தான் கையில் எடுக்கிறேன். சமூகத்தின் பங்கும் இருக்கிறது. பழைய மாணவர்கள் நுழைவாயிலும் மண்டபமும் கட்டித் தருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தமிழ் மொழிமூலக் கணித ஆசிரியர் ஒருவரை உருவாக்க, ஒரு பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவை ஏற்க, நூலகத்துக்கு வருடாவருடம் புத்தகம் வாங்க எத்தனை பேர் முன்வருகிறார்கள்?

அன்று அந்த மாணவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் சித்தி லெப்பையின் கதையை வகுப்பில் சொன்னேன். பாடம் முடிந்ததும் அவன் வந்து, “அந்தப் பேப்பர இப்பவும் வாசிக்கலாமா சேர்?” என்று கேட்டான். ‘முஸ்லிம் நேசன்’ பிரதியொன்றை அவனுக்குக் காட்ட நமது பாடசாலை நூலகத்தில் வழி இல்லை. இந்த வருடம் நான் தொடங்க நினைப்பது அங்கிருந்துதான்.