கனடாவில் அகதிக் கோரிக்கை விசாரணை

கனடாவில் அகதிக் கோரிக்கைகளுக்குத் தீர்ப்புச் சொல்வது அமைச்சரல்ல; 1989இல் தொடங்கிய குடிவரவு, அகதிகள் வாரியம் என்ற தனித் தீர்ப்பாயம்.

இதற்கு வித்திட்டது 1985 ஏப்ரல் 4இல் உச்ச நீதிமன்றம் அளித்த சிங் வழக்குத் தீர்ப்பு. அதுவரை கோரிக்கையாளரின் வாக்குமூலம் தாளில்தான் பயணம் செய்தது. முடிவெடுப்பவர் அவர் முகத்தையே பார்ப்பதில்லை. ஒருவரது பேச்சை நம்பலாமா என்பதே கேள்வியாகும்போது, அவரை நேரில் கேளாமல் நிராகரிப்பது நியாயமாகாது என்றது நீதிமன்றம். தீர்ப்பு வந்த ஏப்ரல் 4 இப்போது கனடாவில் அகதிகள் உரிமை நாள்.

மனுவின் தகுதியை முதலில் ஓர் அதிகாரி பார்த்து வாரியத்துக்கு அனுப்புவார். அங்கே பொதுவாக ஒரே ஓர் உறுப்பினர், மூடிய அறை, உடன் மொழிபெயர்ப்பாளர். படிவத்தில் எழுதியதும் வாயால் சொன்னதும் முரண்பட்டால் சிக்கல்தான். தோற்றவர்களில் பலருக்கு மேல்முறையீட்டுப் பிரிவு உண்டு. அது 2012 இறுதியில்தான் வந்தது. வென்றவரும் நிரந்தர வதிவிடத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

சட்டம் ஒருபுறம், அரசின் மனநிலை மறுபுறம். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். தங்குவதற்கு அனுமதி விரைவிலேயே கிடைத்தது. 2010இல் 'சன் சீ' கப்பலில் வந்த 492 தமிழர்களை வரவேற்றதோ தடுப்புக்காவல். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிக் கூட்டமாக வந்ததாக அமைச்சர் அறிவிப்பவர்கள் அகதிகளாக ஏற்கப்பட்டாலும், நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.