உடைந்த கலங்களும் சிதறிய ஒளியும்

இறைவனை ஒளியென்று போற்றாத சமயம் உலகில் அரிது. சோதி என்றும் சுடர் என்றும் நம் பக்தி இலக்கியம் அவனை அழைத்தது. சூஃபி ஞானிகள் நூர் என்றனர். ஒளியைப் புகழ்வது எளிது. அவ்வொளி எங்கும் நிறைந்ததாயின் உலகில் இத்தனை இருள் எவ்வாறு புகுந்தது என்ற வினாவுக்கு விடை கூறுவதே கடினம். அந்த வினாவை நேர்நின்று எதிர்கொண்ட மரபுகளுள் ஒன்று யூதரின் மறைஞானமாகிய கப்பாலா. ஊவாவின் தேயிலை மலைகளிடையே ஆசிரியராயும் மாணவராயும் வாழும் நமக்கு, மத்தியதரைக் கடலோரத்தில் வளர்ந்த அம்மரபோடு என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. நாடிழந்த ஒரு மக்கட்கூட்டம் தன் துயரத்தை எவ்வாறு தத்துவமாக வடித்துக்கொண்டது என்பதை அறிவது, 'நாடற்றவர்' என்ற பெயரைச் சுமந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு வீண் ஆராய்ச்சியாகாது.

கப்பாலா என்னும் ஹீப்ரு மொழிச் சொல்லுக்குப் 'பெற்றுக்கொள்ளுதல்', 'வழிவழியாகப் பெற்றது' என்பன பொருள். பெயரிலேயே அதன் மையக் கருத்து அடங்கியுள்ளது. ஒளியைத் தருபவனைப் பற்றிய ஆராய்ச்சியைவிட, அதைப் பெறும் உலகைப் பற்றிய ஆராய்ச்சியே அங்கு விரிவாக நிகழ்ந்தது. 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் இம்மரபு உருப்பெற்றது. அதன் தலையாய நூலாகிய 'ஸோஹர்' 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்தீல் நாட்டில் வெளிப்பட்டது. 'பேரொளி' என்பது அந்நூற்பெயரின் பொருள். பண்டைய ஞானி ஒருவர் பெயரால் அது வழங்கப்பட்டதாயினும், அதன் உருவாக்கத்தில் மோசே த லெயோன் என்பவருக்குப் பெரும் பங்குண்டு என்பது ஆய்வாளர் முடிபு.

இம்மரபின்படி, இறைவனின் உண்மை நிலை சொல்லுக்கும் சிந்தனைக்கும் எட்டாதது. அதனை 'எயின் ஸோப்', அதாவது 'முடிவிலி', என்று மட்டுமே குறித்தனர். முடிவற்ற அப்பேரொளி 'ஸெபிரோத்' எனப்படும் பத்து நிலைகள் வழியே படிப்படியாக இறங்கி உலகை அடைகிறது. ஞானம், அறிவு, அருள், கண்டிப்பு, அழகு எனப் பத்து நிலைகளுக்கும் பெயர்கள் உண்டு. கடைசி நிலையாகிய 'மல்கூத்' தனக்கென ஒளியில்லாதது; கதிரவனிடமிருந்து ஒளி பெறும் திங்களைப் போல, மேலுள்ளவற்றிடமிருந்து பெற்றதையே அது உலகுக்கு அளிக்கிறது. மோசே கோர்தொவேரோ (1522–1570) என்ற அறிஞர் இதனை ஓர் எளிய உவமையால் விளக்கினார். பல நிறக் கண்ணாடிகள் வழியே கதிரொளி புகுந்தால் சிவப்பும் பச்சையுமாகத் தோன்றும். நிறம் கண்ணாடிக்கு உரியது, ஒளி நிறமற்றது. வேற்றுமை தருபவனிடத்தில் இல்லை, பெறும் கலத்தில்தான் உள்ளது என்பது இதன் கருத்து.

கோர்தொவேரோவின் உலகில் ஒழுங்கு குலையவில்லை. ஆனால் அவர் வாழ்ந்த காலமோ பெருங்குலைவின் காலம். 1492ஆம் ஆண்டு ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டு மார்ச் 31ஆம் திகதி, மதம் மாறாத யூதர் அனைவரும் ஸ்பெயினை விட்டு வெளியேற வேண்டும் என்ற அரசாணை பிறந்தது. நூற்றாண்டுகளாக வாழ்ந்த மண்ணை நான்கு மாதங்களுள் விட்டு வெளியேற நேர்ந்தது. போர்த்துக்கலில் அடைக்கலம் புகுந்தோர் 1497இல் வலிந்து மதம் மாற்றப்பட்டனர். தப்பியவர்களிற் பலர் துருக்கிய சுல்தானின் ஆட்சிப் பரப்பில் குடியேறினர். அவ்வாறு அகதிகள் வந்து சேர்ந்த ஊர்களுள் ஒன்றே பாலஸ்தீனத்தின் கலிலேய மலைமீதுள்ள ஸபேத். கம்பளி நெசவு அவ்வூரின் பெருந்தொழிலாயிற்று.

அங்கே 1570இல் வந்து சேர்ந்தவர் ஈசாக் லூரியா (1534–1572). இரண்டாண்டுகளே அவர் அங்குப் போதித்தார். பின் கொள்ளைநோயால் மாண்டார். தம் கையால் அவர் எழுதிவைத்தது மிகச் சிறிது. மாணவர் ஹயீம் விதால் எழுதிய குறிப்புகளின் வழியாகவே அவர் சிந்தனை நமக்குக் கிடைத்துள்ளது. அச்சிந்தனை மூன்று படிகளையுடையது.

முதலாவது, ஒடுங்குதல். எங்கும் இறையொளியே நிறைந்திருந்தால் உலகம் நிற்க இடம் ஏது? ஆகவே படைப்பின் முதற் செயலாக இறைவன் தன்னைத் தானே ஒடுக்கிக்கொண்டு ஒரு வெற்றிடத்தை உண்டாக்கினான். இரண்டாவது, உடைவு. அவ்வெற்றிடத்துள் பாய்ந்த ஒளியை ஏற்பதற்குக் கலங்கள் அமைந்தன. மேலுள்ள மூன்று கலங்கள் ஒளியைத் தாங்கின. கீழுள்ளவை தாங்கமாட்டாது உடைந்தன. ஒளி பொறிகளாய்ச் சிதறி, கலங்களின் ஓடுகளோடு கலந்து, உலகின் ஒவ்வொரு பொருளிலும் சிறைப்பட்டது. மூன்றாவது, 'திக்கூன்' எனப்படும் சீரமைப்பு. சிதறிய பொறிகளை ஓடுகளிலிருந்து பிரித்து மீட்கும் பணி மனிதனிடம் விடப்பட்டது. தொழுகையில் மட்டுமன்று, உண்ணும் உணவிலும் செய்யும் தொழிலிலும் அப்பொறிகள் காத்துக் கிடக்கின்றன என்றனர்.

இக்கதையின் உட்பொருள் எளிதில் விளங்கும். இங்கே முதல் அகதி மனிதன் அல்லன், ஒளியே அகதி. இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. அனைத்தும் இடம்பெயர்ந்து கிடக்கின்றன. கேர்ஷோம் ஷோலெம் என்ற பேரறிஞர் 1941இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட மக்களின் துயரமே லூரியாவின் தத்துவமாக வடிவெடுத்தது என்று நிறுவ முயன்றார். மோஷே ஈதெல் முதலிய பின்வந்த ஆய்வாளர், இக்கருத்துகள் சிலவற்றின் வேர்கள் 1492க்கு முற்பட்டவை என்று காட்டி அதனை மறுத்தனர். மறுப்பு நியாயமானதே; ஒரு வரலாற்று நிகழ்ச்சியிலிருந்து ஒரு தத்துவத்தை நேர்க்கோடாக வருவிப்பது எளிமைப்படுத்தலாகும். ஆயினும் ஒரு கருத்து எங்கே பிறந்தது என்பது வேறு. எந்த மக்கள் அதைத் தமதாக ஏற்று ஊரூராய்ப் பரப்பினர் என்பது வேறு. வீடிழந்தோரின் பிள்ளைகள் வாழ்ந்த ஊரில் உடைந்த கலத்தின் கதை செழித்தமை தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். உயிர் இறையொளியைக் காணாமைக்குக் காரணம் ஆணவ மலம் என்பது சைவ சித்தாந்தம். செம்பில் களிம்பு போல அது அநாதியாகவே உயிரைப் பற்றியுள்ளது. லூரியாவின் இருளோ அநாதியன்று. அது ஒரு நிகழ்ச்சி. கலம் ஒருபோது முழுமையாக இருந்தது, பின்னர் உடைந்தது. நிகழ்ந்தது எதுவோ அதனைச் சீரமைக்கவும் கூடும். இருளை விதியென்று கொள்ளாது நிகழ்ச்சியென்று கொண்டதே அத்தத்துவத்தின் ஆற்றல் என்பது நம் கருத்து.

இம்மரபு நமக்கு மிக அண்மையிலும் வாழ்ந்தது. கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை அளித்து வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். குடை, பல்லக்கு என்பவற்றோடு பகல் விளக்கும் அவ்வுரிமைகளுள் ஒன்று. பகலில் விளக்கேந்தி வருவது வெளிச்சத்துக்காக அன்று, உயர்குடிப் பெருமைக்காக. பின்னர் போர்த்துக்கேயரின் கெடுபிடி மலையாளக் கரையிலும் யூதரைத் தொடர்ந்தது. கொச்சி மன்னன் ஆதரவில் மட்டாஞ்சேரியில் 1568இல் பரதேசி ஜெபாலயம் எழுந்தது. அக்கொச்சியில் வாழ்ந்து 1615இல் மறைந்த நெகேமியா மோத்தா கப்பாலா ஞானியும் கவிஞருமாவார். யூதர் விளக்கேற்றும் ஹனுக்காத் திருநாளில் அவர் மறைந்ததாகக் கல்லறை எழுத்து கூறுகிறது. அக்கல்லறையில் யூதர் மட்டுமன்றி இந்துக்களும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் விளக்கேற்றி வழிபட்டுவந்தனர்.

ஆனால் அதே கொச்சியில் வரலாற்றின் மற்றொரு பக்கமும் உண்டு. பரதேசி ஜெபாலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதருக்குச் சம இடம் இல்லை. அவர்கள் புறக்கூடத்தில் தரையில் அமர வேண்டும். மறைநூல் வாசிக்க அழைக்கப்படமாட்டார்கள். நிறமும் பிறப்பும் பார்த்து வகுக்கப்பட்ட அக்கொடுமையை எதிர்த்துப் போராடியவர் ஆபிரகாம் பராக் ஸாலெம் (1882–1967). அவ்வகுப்பிற் பிறந்து வழக்கறிஞரான அவர், 1929இல் லாகூர்க் காங்கிரசிலும் கலந்துகொண்டவர். தொழிலாளர் சங்கம் அமைத்தவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை அவர் ஜெபாலயத்துக்குள் கொண்டுசென்றார். அவர் வாழ்நாளிலேயே தடைகள் ஒவ்வொன்றாகத் தகர்ந்தன. சிதறிய பொறிகளைத் திரட்டுவதென்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் உண்டோ?

தமிழ்நாட்டிலும் ஒளியை வழிபட்ட ஒருவர் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். வடலூர் இராமலிங்க அடிகள் (1823–1874) 1872இல் நிறுவிய சத்திய ஞான சபையில் வெவ்வேறு நிறமுள்ள ஏழு திரைகள் ஒளியை மறைத்து நிற்கின்றன. திரைகள் விலக, சோதி தோன்றும். கோர்தொவேரோவின் நிறக் கண்ணாடிகளை இத்திரைகள் நினைவூட்டுகின்றன. இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. நாம் கருத வேண்டுவது வேறொன்று. ஞான சபைக்கு முன்னரே, 1867இல், அடிகள் அமைத்தது தருமசாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது பசித்தோர்க்கு உணவு சமைக்கிறது. ஒளிக்கு முன் சோறு. அதுவே அவர் வகுத்த வரிசை.

அந்த 1867ஆம் ஆண்டிலேதான் கண்டிக்கு அண்மையில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை ஊவாவின் மலைகளிலும் ஏறியது. தருமசாலையின் அடுப்பு எந்தப் பஞ்ச நாட்டில் மூட்டப்பட்டதோ, அந்நாட்டு மக்களே கங்காணியின் பின்னே கடல் கடந்து வந்து இம்மலைகளை வளமாக்கினர். பதுளை வரை புகையிரதம் வந்தது 1924இல். அவ்வண்டி கொழுந்தின் செல்வத்தைக் கொழும்புக்கு இறக்கியது. லயத்தில் குப்பி விளக்கே எரிந்தது.

பின்னர் நம் கலமும் உடைந்தது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாக்கிப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, முடிவு செய்யப்படாதோர் 1,50,000. எஞ்சியோரையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தனர். உறவுகளைப் பிரித்துத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற வண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். அழுதவர்களிற் பலர் இதனைத் தலையெழுத்து என்றே நம்பினர். இன்றும் நம் மாணாக்கர் வாயில் அச்சொல் வருகிறது. தலையெழுத்தன்று, சட்ட எழுத்து. மனிதர் இயற்றிய சட்டத்தைப் போராட்டம் மாற்றியது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் இழந்த உரிமையை மீட்டுத் தந்தன. எனினும் ஓடுகள் இன்னும் கிடக்கின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, அதனையும் இயற்கையின் சீற்றம் என்றே பலர் கூறினர். ஆபத்தான சரிவில் அம்மக்களைக் குடியிருத்தியது இயற்கையா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. துன்புற்றவன் என்பதனாலேயே ஒருவன் நீதிமானாகிவிடுவதில்லை. இலங்கையில் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட அதே 1948இல், மே மாதத்தில், ஸபேத் நகரின் அரபு மக்கள் ஏறக்குறைய அனைவரும் போரினால் வெளியேற நேர்ந்தது. அவர்கள் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. நாடிழந்தோரின் தத்துவம் செழித்த ஊரே புதிய அகதிகளை உண்டாக்கிற்று. தன் கலத்தை ஒட்டவைக்கப் பிறர் கலத்தை உடைப்பது சீரமைப்பாகாது.

நாம் மறைஞானத்தைப் பரப்ப முனைந்தோமல்லோம். வானத்தில் கலங்கள் உடைந்தன என்பதை ஏற்க வேண்டிய அவசியமும் நமக்கில்லை. மண்ணில் உடைந்த கலங்கள் நம் கண்முன் உள்ளன. அவற்றை உடைத்த கைகளுக்கும் வரலாற்றில் பெயர் உண்டு. லயத்துப் பிள்ளைக்கு அறிவு ஏறாது என்போரிடம் கோர்தொவேரோவின் கண்ணாடியை நாம் காட்டலாம்: ஒளியில் குறையில்லை; கண்ணாடியைப் பாருங்கள். பசியும் ஒற்றை அறையும் ஆசிரியரில்லா வகுப்பும் யார் செய்தவை? வகுப்பறையில் 'விதி' என்ற சொல் எழும்போதெல்லாம், அது எந்த ஆண்டில், யாரால், எதற்காக நிகழ்ந்தது என்று கேட்கப் பழக்குவதே வரலாற்றாசிரியனின் கடமை. இருளுக்கு ஆண்டு குறிக்கத் தெரிந்த மாணவன் அதன் முடிவையும் எண்ணத் தொடங்கிவிடுவான்.